கோத்தகிரியில் குடியேற: 4,000 ரூபாய் வீடா, 9,000 ரூபாய் வீடா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். கீழ்கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. கணவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு 4,000 ரூபாய். கோத்தகிரி டவுனில் 9,000. எதை எடுக்கலாம்?

பதில்: மாதம் 5,000 ரூபாய் மிச்சம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் மலையில் பணம் கரைவது குளிரிலும் தூரத்திலும்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் குடும்பத்துக்கு டவுன் வீடே சரி என்பேன்.

முதலில் கரண்ட். 2,000 வாட் கீசரைத் தினமும் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவசம் வெந்நீருக்கே காணாது. மாமியார் அறையில் அதே வாட் ஹீட்டர் தினமும் நாலு மணி நேரம் ஓடினால் இன்னொரு 480. மொத்தம் 600 ஆகிவிட்டது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும்.

அதனால் எந்த வீடானாலும் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை போங்கள். பள்ளத்தில் இருக்கிற வீடு, மேட்டு நிழலில் இருக்கிற வீடு வேண்டாம். புதிதாக வெள்ளையடித்திருந்தால் சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடையை வெள்ளை மறைக்காது. ஈரச் சுவர் உள்ள வீட்டில் துணி காயாது, மெத்தை கெடும், வயதானவர்களுக்கு மூச்சிரைப்பு வரும். எனக்கு வாடகையைவிட இதுதான் பெரிய விஷயம்.

சமையலிலும் கொஞ்சம் கூடும். 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு சட்டென்று வேகாது. ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். கேரட், பீட்ரூட், கோஸ் மலையிலேயே விளைகிறது. அரிசி, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாம் கீழேயிருந்து ஏறி வர வேண்டியவை.

இனி தூரம். 2024 பிப்ரவரி முதல் பெண்களுக்கான இலவசப் பயணம் நீலகிரியிலும் உண்டு. சாதாரண அரசு பஸ்ஸின் நேரம் பள்ளிக்கு ஒத்துவந்தால் டவுனிலிருந்து போய்வர உங்களுக்குச் செலவே இல்லை. பிரச்சினை உங்கள் மாமியாருக்குத்தான். மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். குடியேறியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள். ராத்திரியில் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது? அரசு மருத்துவமனை கோத்தகிரியில். பெரிய சிகிச்சைக்கு உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இருட்டினால் ரோட்டில் காட்டெருமையும் கரடியும் நிற்கும், நடந்து போய் உதவி கேட்க முடியாது. 108-ஐக் கூப்பிடலாம், ஆனால் அது வந்து சேரும் நேரம் கிராமத்தில் கூடத்தான் செய்யும்.

கணவருக்கு நெட். கிராம வீட்டில் அவர் உட்காரப்போகிற அறைக்குள்ளேயே நின்று வீடியோ கால் பேசிப் பார்க்கட்டும். வாசலில் சிக்னல் வந்து பிரயோஜனமில்லை.

கிராமத்து வீடு பஸ் ரோட்டு மேலேயே இருந்து, வெயிலும் நெட்டும் நன்றாக இருந்தால் அதை எடுப்பதிலும் தப்பில்லை. ஆனால் ராத்திரி ஜீப் வாடகை எவ்வளவு, யார் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

அப்புறம், கோத்தகிரிக்குப் பலத்த மழை வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள், ரோடுகள் துண்டாயின. எனவே அக்டோபர் பிறக்கும்போதே பத்து நாள் அரிசி பருப்பு, ஒரு நிறை சிலிண்டர், மாமியாருக்கு ஒரு மாத மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிய செங்குத்துச் சரிவு இருந்தால், வாடகையே வேண்டாம் என்றாலும் அந்த வீட்டை எடுக்காதீர்கள்.