வாசனை இலைகள்: எதைக் காய வைப்பது, எதை உறைய வைப்பது?

கேள்வி: தொட்டிகளில் வைத்த கொத்தமல்லி, புதினா, பேசில் (திருநீற்றுப்பச்சிலை), ரோஸ்மேரி நான்கும் ஒரே சமயத்தில் தழைத்துவிட்டன. பறித்துக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாளே கொத்தமல்லி அழுகுகிறது, பேசில் கறுத்துப்போகிறது. எல்லாவற்றையும் வெயிலில் காய வைத்துப் பார்த்தேன். வைக்கோல் வாடைதான் மிச்சம். கொஞ்சம் பேசிலையும் பூண்டையும் எண்ணெயில் போட்டு, பாட்டிலில் அடைத்து, அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது. இலைகளை வீணாக்காமல் சேமிப்பது எப்படி? அந்த எண்ணெயை எத்தனை நாள் பயன்படுத்தலாம்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். அந்த எண்ணெயை இனி ஒரு சொட்டுகூடப் பயன்படுத்த வேண்டாம். கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்தும் பார்க்க வேண்டாம். மூடியை இறுக்கி, பாட்டிலோடு குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காரணம் இதுதான். மண்ணில் வாழும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பூண்டிலும் இலையிலும் ஒட்டியிருக்கலாம். கழுவினாலும் முழுக்கப் போகாது, கொதிநீரிலும் சாகாது. காற்றுப்படாத இடம், ஈரம், புளிப்பின்மை, அறையின் வெதுவெதுப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் அந்த வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சை இலையும் பூண்டும் அந்த நான்கையும் ஒருசேரக் கொடுக்கின்றன. நஞ்சுக்கு நிறமோ மணமோ இருக்காது என்பதால் எண்ணெய் பார்க்க நன்றாகவே இருக்கும். அதைச் சாப்பிட்ட யாருக்காவது பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பச்சை இலை போட்ட எண்ணெய் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான். பாட்டிலில் ஊற வைக்கும் ஆசை இருந்தால் எண்ணெயை விட்டுவிட்டு வினிகருக்கு மாறுங்கள். 5 சதவீத அமிலமுள்ள வினிகரைச் சூடாக்கி, கழுவித் துடைத்த இலைமீது ஊற்றி மூடி, மூன்று நான்கு வாரம் குளிர்ச்சியான இருட்டிடத்தில் வைத்து வடிகட்டினால் போதும். அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி வளராது.

இனி இலைகளுக்கு வருவோம். நீங்கள் செய்த ஒரே தவறு, நான்கையும் ஒரே மாதிரி நடத்தியது. தண்டைக் கிள்ளிப் பாருங்கள். நகத்தில் நசுங்கிச் சாறு விட்டால் அது மென்தண்டு: கொத்தமல்லி, பார்ஸ்லி, பேசில், புதினா. குச்சிபோல் ஒடிந்தால் வன்தண்டு: ரோஸ்மேரி, தைம். மென்தண்டு இலைகள் நீரால் நிரம்பியவை. அவற்றின் வாசனை இலை காய்வதற்குள் நீரோடு சேர்ந்து பறந்துவிடும். வன்தண்டு இலைகள் மத்தியதரைக் கடலோரத்து வறண்ட சரிவுகளில் வெயிலைத் தாங்கிப் பழகிய செடிகளுடையவை. நீரை இழந்தாலும் வாசனை எண்ணெயை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே முதல் வகையைக் குளிர்வித்துச் சேமியுங்கள், இரண்டாம் வகையைக் காய வையுங்கள். புதினா மட்டும் இரண்டுக்கும் ஒத்துவரும்.

நாலைந்து நாளில் சமைத்துவிடப் போகிற கொத்தமல்லியைப் பூங்கொத்துபோல நடத்துங்கள். தண்டின் நுனியை வெட்டி, இரண்டு விரல் உயரத் தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள். சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள். உங்கள் கொத்தமல்லி அழுகியதற்கு இலையில் தங்கிய ஈரம்தான் காரணமாக இருக்கும். புதினாவுக்கும் இதே முறைதான். பேசில் வெப்ப நாட்டுச் செடி, 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் இலை உள்ளுக்குள்ளேயே காயப்பட்டுக் கறுக்கும். அதை டம்ளர் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜுக்கு வெளியே, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பல சமயம் வேரே விட்டுவிடும், அப்படியே தொட்டியில் நட்டுக்கொள்ளலாம்.

மாதக்கணக்கில் வேண்டுமென்றால் உறைய வையுங்கள். கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் முக்கால்வாசி நிரப்பி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, கட்டிகளைக் காற்றில்லாத பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பேசிலுக்குத் தண்ணீரைவிட எண்ணெய் சிறந்தது, காற்றுப்படாமல் காக்கும். அதற்கு முன் இலைகளைக் கொதிநீரில் பத்து நொடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். இலையைக் கறுக்க வைக்கும் நொதிகள் அந்தப் பத்து நொடியில் செயலிழக்கும். எண்ணெய்க் கட்டிகளை ஃப்ரீசரிலிருந்து நேராகச் சட்டியில் போடுங்கள், வெளியே உருகவிட்டு வைக்காதீர்கள். உறைந்த இலை துவண்டுவிடுவதால் மேலே தூவ அழகாக இருக்காது. கொதிக்கிற பண்டத்தில் சேர்க்கும்போது பச்சை இலைக்கு மிக அருகில் வரும். காய்ந்த கொத்தமல்லி இலை அந்த அளவுக்கு ஒருநாளும் வராது. அதைக் காய வைப்பதையே நான் பரிந்துரைப்பதில்லை.

ரோஸ்மேரியை வெயிலில் வைக்காதீர்கள். வெயில் பச்சை நிறத்தை வெளுத்து, வாசனை எண்ணெயையும் ஆவியாக்கிவிடும். நாலைந்து கிளைகளைச் சேர்த்துக் கட்டி, காற்றோடுகிற நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காற்றின் ஈரத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மழைக்காலம் என்றால் 40 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் உலர்த்தும் கருவிதான் நல்லது. கிள்ளினால் வளையாமல் நொறுங்க வேண்டும். ஈரம் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு நாள் கண்ணாடிப் பாட்டிலில் மூடிப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி தெரிந்தால் மறுபடி காய வேண்டும். இலையை முழுதாகவே சேமித்து, சமைக்கும்போது மட்டும் கசக்குங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி வேண்டாம், அங்கே சூடும் ஆவியும் ஓயாது. இருட்டில் வைத்தால் ஓராண்டு வரை மணக்கும்.

ஒரு மேசைக்கரண்டி பச்சை இலைக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த இலை போதும். காய்ந்ததையும் வன்தண்டு இலைகளையும் சமையலின் தொடக்கத்திலேயே எண்ணெயிலோ நெய்யிலோ சேருங்கள், வாசனை கொழுப்பில் நன்றாகக் கரையும். பச்சை மென்தண்டு இலையை அடுப்பை அணைத்த பிறகே போடுங்கள். கொத்தமல்லித் தண்டை எறிந்துவிடாதீர்கள், இலையைவிட அதில் மணம் அழுத்தமானது. அரைக்கவும் குழம்பிலிடவும் அதைத்தான் நான் முதலில் எடுப்பேன். மொட்டைக் கத்தியால் பேசிலையும் புதினாவையும் நறுக்கினால் நசுங்கிக் கறுக்கும், கத்தி கூர்மையாக இருக்கட்டும்.

பறிப்பதைப் பொறுத்தவரை, பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரம்தான் ஏற்றது. ஒரு தடவைக்குச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பேசிலை இரண்டு இலைகள் எதிரெதிரே முளைக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். பூமொட்டு தெரிந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். பூத்த பிறகு இலை சிறுத்துக் கசக்கும்.

நீங்கள் ஏற்கெனவே வெயிலில் காய வைத்தவற்றில் கொத்தமல்லியும் பேசிலும் தேறாது, தொட்டி மண்ணுக்கே உரமாகப் போடுங்கள். ரோஸ்மேரியையும் புதினாவையும் உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். மணம் எழுந்தால் பாட்டிலில் அடைத்து, முதலில் அவற்றைத் தீர்த்துவிடுங்கள்.