நெற்றியில் மூக்கு

கேள்வி: என் மகளின் புத்தகத்தில் ‘பாராசூக்கஸ்’ என்று ஒரு படம். அச்சு அசல் முதலை. ஆனால் முதலை இல்லை என்று கீழே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் முதலைக்குப் பாட்டனா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பாட்டன் இல்லை அம்மா. உறவுதான், ஆனால் வெகு தூரத்து உறவு. படத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நான் வேலை பார்த்த விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு முதலை மண்டையோடு உண்டு. முகரை நுனியில் இருக்கும் நாசித்துளையில் மாணவர்கள் சாக்பீஸைச் செருகிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை பிடுங்குவது என் வேலை. பாராசூக்கஸிடம் அந்தக் குறும்பு பலித்திருக்காது. நீண்ட முகரை முழுவதையும் தாண்டி, கண்களுக்குச் சற்று முன்னால், மண்டையின் மேல்புறத்தில் இருக்கின்றன அதன் நாசித்துளைகள். தண்ணீருக்குள் பதுங்கி இரை பிடிப்பதே இரண்டுக்கும் பிழைப்பு. அதனால் உடல்வாகு ஒத்துப்போனது. பாராசூக்கஸ் வாழ்ந்த அதே காலத்தில் முதலையின் சொந்தக் கிளையில் பிறந்தவை மெலிந்த கால்களோடு தரையில் ஓடிக்கொண்டிருந்தன!

குடும்பப் பெயர் இன்னும் கூத்து. ‘ஃபைட்டோசார்’ என்றால் தாவரப் பல்லி. 1828இல் ஜெர்மனியில் யேகர் என்பவர் ஒரு தாடையை ஆராய்ந்தார். பற்குழிகளில் புகுந்த சேறு கல்லாக இறுகி, மழுங்கிய முளைகளாக நின்றது. அவற்றையே பற்கள் என்று நம்பி, இலைதழை தின்னும் பிராணி என்று முடிவுகட்டிவிட்டார். பிழை தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் வைத்த பெயரை லேசில் விடமாட்டார்கள் எங்கள் விலங்கியலார்.

டைனோசர்கள் தோன்றிய ட்ரையாசிக் காலம் முடிந்தபோது, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தக் குடும்பமே பூண்டற்றுப் போனது. நம் நாட்டுப் பாராசூக்கஸ் தெலங்கானாவின் மலேரி பாறை அடுக்குகளில் கிடைத்தது. அங்கே எடுத்த இரண்டு எலும்புக்கூடுகளை தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி 1978இல் விரிவாக விவரித்தார். நீளம் சுமார் இரண்டரை மீட்டர். வயிறு இருந்த இடத்தில் வேறொரு சிறிய ஊர்வனவின் எலும்புகள். அதுவும் புதிய இனம். 1980இல் மலேரிசாரஸ் என்று பெயரிட்டார்கள். ‘தாவரப் பல்லி’ கடைசியாகச் சாப்பிட்டது அதைத்தான்.