2012-ல் என்ன நடந்தது என்று 2012-க்குத் தெரியாது

கேள்வி: டிசம்பர் வந்தால் சிறந்த பத்துப் படம், பத்துப் புத்தகம், மறைந்த பிரபலங்கள் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். 'இந்த ஆண்டின் டாப் 10 அறிவியல் கண்டுபிடிப்புகள்' என்று ஒரே ஒரு பக்கம் ஒதுக்க மட்டும் மனசு வரவில்லையா? இல்லை, எழுத ஆள் இல்லையா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: ஆள் இருக்கிறார், நான்தான். 2012 டிசம்பரில் அப்படி ஒரு பக்கம் போட்டோம், எழுதியதும் நான்தான். அதற்கப்புறம் போடாமல் இருப்பதற்குக் காரணமும் அந்தப் பக்கம்தான்.

உங்கள் கடிதம் வந்ததும் பழைய பைண்டிங்கை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். முதலிடம் ஹிக்ஸ் போஸான், 'கடவுள் துகள்' என்று கொட்டை எழுத்தில். இரண்டாவது, ஆகஸ்ட் 6-ம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி. மூன்றாவது, பெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்தது. பெரிய துணிச்சல்தான், ஆனால் அது எந்த வகையில் கண்டுபிடிப்பு என்று இன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள். நான்காவது, மாயன் காலண்டர்படி டிசம்பர் 21-ல் உலகம் அழியுமா என்று அரைப் பக்கம், படத்தோடு. அந்த இதழில் அச்சிட்டிருந்த தேதி டிசம்பர் 23. அழிந்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்று ஆசிரியர் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

ஹிக்ஸைப் போட்டதில் வருத்தமில்லை. ஜூலை 4-ம் தேதி ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தின் அரங்கத்தில் இடம் பிடிக்க முதல் நாள் ராத்திரியே வந்து வாசலில் படுத்துக் கிடந்தார்கள் மாணவர்கள். 27 கிலோமீட்டர் சுற்றளவுச் சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு, புரோட்டானைப்போலச் சுமார் 133 மடங்கு நிறையுள்ள ஒரு துகள் இருக்கிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே வந்து சொன்னதும், 83 வயது பீட்டர் ஹிக்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று அவர் கட்டுரை எழுதியது 1964-ல். நாற்பத்தெட்டு வருஷம். அப்படியானால் இது எந்த ஆண்டின் கண்டுபிடிப்பு என்ற கேள்வி அப்போதே எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை, தலைப்பு வைக்கிற அவசரம். 'கடவுளைக் கண்டுபிடித்துவிட்டார்களா' என்று கேட்டு நாலைந்து கடிதங்கள் வந்தன. தப்பு எழுதினவர்கள் மேல் இல்லை, தலைப்பு வைத்தவன் மேல்.

என் பட்டியலில் இல்லாதவைதான் விஷயம்.

நீங்கள் கரூர்க்காரர், 2012 மின்வெட்டு நினைவிருக்கும். இங்கே எல்லாரும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அதே மாதங்களில், கனடாவின் டொரண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், பெற்றோர் வீட்டில் தன் படுக்கையறையில், வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்குகிற என்விடியா கிராபிக்ஸ் கார்டு இரண்டை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி நாள் கணக்கில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் பில் கட்டியது அப்பா அம்மா. ஒவ்வொரு கார்டிலும் 3 ஜிபி நினைவகம்தான். அவர் எழுதிய நரம்பு வலையமைப்பு, அதாவது மூளை நரம்புகளைப் பார்த்து அமைத்த, படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிற நிரல், ஒரே கார்டில் கொள்ளாது, அதனால் அதை இரண்டாக வகிர்ந்து ஆளுக்குப் பாதி என்று ஏற்றினார். ஒரு முறை பயிற்சி கொடுத்து முடிக்க ஐந்தாறு நாள். கொடுத்த படங்கள் 12 லட்சம், ஆயிரம் வகை: நாய், கப்பல், காளான், இப்படி. வேலை என்னவென்றால், முன்பின் பார்க்காத ஒரு படத்தைக் காட்டினால் அது என்ன என்று சொல்ல வேண்டும், ஐந்து ஊகம் வரை அனுமதி. அந்த ஆண்டின் இமேஜ்நெட் போட்டியில் இரண்டாவதாக வந்தவர்களின் தவறு 26.2 சதவீதம், இவருடையது 15.3. கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டிருந்த துறையில் ஒரே தாவலில் பத்துக்கு மேல். கூட இருந்தவர்கள் இலியா சட்ஸ்கீவரும் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டனும்.

ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சட்ஸ்கீவர், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரானார். இன்று உங்கள் போனில் முகம் பார்த்துப் பூட்டுத் திறப்பதிலிருந்து கேட்ட கேள்விக்குப் பத்தி பத்தியாகப் பதில் சொல்கிற செயலி வரை பலவற்றின் கொடிவழியில் அந்தப் படுக்கையறை வருகிறது. என் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. நான் மட்டும் அசடு இல்லை என்று ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிறேன்: அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழ் அந்த வருஷ முடிவில் போட்ட முதல் பத்திலும் அது இல்லை.

'சயின்ஸ்' பற்றி இன்னொன்று. ஒரு பாக்டீரியா தன்னைத் தாக்கிய வைரஸின் டிஎன்ஏ துண்டைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் பார்த்து வெட்டிவிடும். அந்த வெட்டுக்கத்திக்கு வழிகாட்டுகிற இருபது எழுத்தை நாம் மாற்றி எழுதிக்கொடுத்தால், நாம் சொல்கிற இடத்தில் வெட்டும் என்று ஜெனிபர் டௌட்னாவும் எமானுவேல் சார்பென்டியேவும் காட்டினார்கள். கிரிஸ்பர். அந்தக் கட்டுரை 2012 ஜூன் கடைசியில் வெளியானது எங்கே? அதே 'சயின்ஸ்' இதழில். டிசம்பர் பட்டியலில் மரபணு வெட்டும் கருவி என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது எதை? டேலன் என்ற வேறொரு முறையை! மூன்று வருஷம் கழித்து, 2015-ல், கிரிஸ்பருக்கு முதலிடம் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். கிட்டத்தட்ட இதையே கண்டிருந்த லிதுவேனியாவின் விர்கினியுஸ் ஷிக்ஷ்னிஸ் அந்த வசந்தத்தில் வேறொரு பெரிய இதழுக்கு அனுப்பிய கட்டுரையை, நிபுணர் பார்வைக்குக்கூட அனுப்பாமல் திருப்பிவிட்டார்கள். அவர் கட்டுரை செப்டம்பரில் இன்னோர் இதழில் வந்தது. 2020 நோபல் பெண்கள் இருவருக்கும் போனது, அவருக்கு இல்லை.

2023 நவம்பரில் பிரிட்டன், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடுகிற பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்கு கிரிஸ்பர் சிகிச்சை ஒன்றை அனுமதித்தது. அந்த நோயை இந்தியாவில் முதலில் கண்டு எழுதியது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-ல். இன்றும் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சிகிச்சைக்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். டாப் 10 பட்டியல்களில் விலை போடும் வழக்கம் இல்லை.

இதெல்லாம் கண் முன்னால் நடந்தும் நாங்கள் பார்க்காதவை. பார்த்திருக்கவே முடியாதது ஒன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், சூரியக் காற்று வீசுகிற எல்லையைத் தாண்டி நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்தது. மனிதன் செய்த பொருள் ஒன்று அங்கே போனது அதுதான் முதல் தடவை. எப்போது? 2012 ஆகஸ்ட் 25. அன்று அது யாருக்கும் தெரியாது. சுற்றியுள்ள பிளாஸ்மாவை, அதாவது விண்வெளியில் பரவிக் கிடக்கும் மின்னேற்றத் துகள்களை, நேராக அளக்கும் கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. மிச்சமிருந்த ஆன்டெனாவுக்கு, பிளாஸ்மா தானாக அதிர்ந்தால்தான் காது கேட்கும். 2012 மார்ச்சில் சூரியன் ஒரு பெரிய வீச்சை வீசியது, அது பதின்மூன்று மாதம் பயணம் செய்து 2013 ஏப்ரலில் வாயேஜர் இருந்த இடத்தைப் போய் உலுக்கியது. அந்த அதிர்வை வைத்துக் கணக்குப் போட்டால் சுற்றிலும் அடர்த்தி முன்பைவிட நாற்பது மடங்கு, எல்லையைத் தாண்டியாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி! ராத்திரி பஸ்ஸில் கண் விழித்துப் பார்த்தால் விழுப்புரம் எப்போதோ தாண்டிவிட்டது என்கிற கதை. பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் ஆகஸ்ட் 25 என்றார்கள், உலகத்துக்கு அறிவித்தது 2013 செப்டம்பர் 12-ல். சொல்லுங்கள், 2012 டிசம்பரில் உட்கார்ந்து இதை எந்த ஆசிரியர் எழுதியிருப்பார்? 2013 பட்டியலில் சேர்த்தால் அது 2013-ல் நடந்ததாகிவிடுமா?

படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடுகிறது, அதனால் டிசம்பரில் பட்டியல் போடலாம். ஆய்வுக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றைக்கு வரும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. 1858 ஜூலையில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் கட்டுரைகளை வாசித்தார்கள், பரிணாமக் கொள்கை முதன்முதலாக மேடையேறியது அன்றுதான். அந்தச் சங்கத்தின் தலைவர் தாமஸ் பெல் அடுத்த மே மாதம் ஆண்டறிக்கை படிக்கும்போது, துறையையே புரட்டிப்போடுகிற கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமல் அந்த வருஷம் கழிந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரும் என்னைப்போல ஒரு பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தவர், பாவம்.

சரி, 'மனசு வரவில்லையா' என்று கேட்டுவிட்டீர்கள். ஜனவரி முதல் இதழில் ஒரு பட்டியல் உண்டு, 2012-க்கானது. பத்து இல்லை, ஐந்துதான் தேறியது. ஹிக்ஸ் இருக்கிறது, 'கடவுள்' இல்லாமல். மாயன்களுக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தில் இந்தத் தடவை வாயேஜர்.