மாநில வேளாண்மைத் துறைக்கு மானியம் கொடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

கேட்டவரின் ஐயம் இதுதான்: தண்ணீர் திறப்பது ஒரு துறை, நெல்லைக் கொள்முதல் செய்வது வேறொரு துறை, பயிர்க்கடன் கொடுப்பது கூட்டுறவுத் துறை, உரத்தின் விலையை முடிவு செய்வது மத்திய அரசு, அப்படியானால் வேளாண்மைத் துறை என்று ஒன்று எதற்காக இருக்கிறது?

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் பயிரிடுபவன். அரசு ஊழியன் அல்லன். வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு (எங்கள் பக்கத்தில் இன்றும் அது "டெப்போ"தான்) ஒவ்வொரு பட்டத்துக்கும் போய்வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மானியம் என்பது அந்தத் துறையின் கண்ணுக்குத் தெரிகிற வேலை. விதையும் தரக் கண்காணிப்பும்தான் அதன் உயிரான வேலை. அவை ஒழுங்காக நடக்கும் ஆண்டுகளில் அப்படியொரு வேலை நடப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம் வேளாண்மை. பூச்சித் தாக்குதலிலிருந்து பயிரைக் காப்பதும் பயிர் நோய்களைத் தடுப்பதும் அந்த இனத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. துறை அதைவிடப் பழையது: 1876–78 பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்ச ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 1882இல் சென்னை மாகாணத்தில் அது தொடங்கப்பட்டது. இன்றைய பெயர் வேளாண்மை – உழவர் நலத்துறை. வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை முதன்முறையாக 2021 ஆகஸ்ட் 14 அன்று தாக்கலானது. தோட்டக்கலை, வேளாண்மைப் பொறியியல், வேளாண் விற்பனை, விதைச்சான்று ஆகியவை இதன் கீழேயே தனித்தனி இயக்ககங்களாக இயங்குகின்றன. ஆகவே வாழைக்கு ஒரு மேசை, டிராக்டருக்கு வேறொரு மேசை என்று உழவர் அலைவது தற்செயலன்று, அமைப்பே அப்படி.

விதைக்கு வருகிறேன். ஆடுதுறையிலோ கோயம்புத்தூரிலோ தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு நெல் ரகத்தை வெளியிட்டால், அதன் கையில் இருக்கும் வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கியவர்களே பெருக்கித் தரும் மூல விதை) மிகச் சொற்பம். அதை மாநில விதைப் பண்ணைகளில் விதைத்து ஆதார விதையாகவும், அந்த ஆதார விதையை உழவர்களின் வயல்களில் விதைத்துச் சான்று விதையாகவும் பெருக்கி, ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் போதுமான அளவுக்குக் கொண்டு வருவது வேளாண்மைத் துறையின் பொறுப்பு. என் தந்தையார் சில ஆண்டுகள் விதைப்பண்ணை போட்டவர் என்பதால் இதன் கெடுபிடியை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்து வயலின் வேறு ரகத்திலிருந்து மூன்று மீட்டர் இடைவெளி விட வேண்டும். பூக்கும் பருவத்திலும் முதிர்ச்சியிலும் விதைச்சான்று அலுவலர் வரப்பில் இறங்கிப் பார்ப்பார். உயரம் மாறியோ கதிர் வேறுபட்டோ நிற்கும் கலவன்களைப் பிடுங்காமல் விட்டால் வயலையே தள்ளிவிடுவார். அறுவடைக்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையத்தில் சலித்து, மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முளைப்புத்திறன் குறைந்தது 80 விழுக்காடும் புறத்தூய்மை 98 விழுக்காடும் இருந்து, ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மிகாமல் இருந்தால்தான் மூட்டையில் நீல அட்டை கட்டப்படும். வெள்ளை அட்டை ஆதார விதைக்கு உரியது. இத்தனை கட்டங்களில் ஒன்று தளர்ந்தாலும் அதன் விளைவு அடுத்த ஆண்டு வேறொருவர் வயலில்தான் தெரியும். தனியார் நிறுவனங்கள் காய்கறி, மக்காச்சோளம் போன்றவற்றின் வீரிய ஒட்டு விதைகளில் காட்டும் ஆர்வத்தை நெல்லிலும் பயறு வகைகளிலும் அந்த அளவுக்குக் காட்டுவதில்லை. இந்தப் பயிர்களில் உழவரே விதையை எடுத்து வைத்துக்கொள்ள முடியும், இலாபமும் குறைவு. அரசு கைவிட்டால் அந்த இடம் அப்படியே காலியாகக் கிடக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சட்டத்தின் கை. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம், 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம், 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை ஆகிய மூன்றும் மத்தியில் இயற்றப்பட்டவை. ஆனால் கடைக்குள் நுழைந்து இருப்பைச் சரிபார்ப்பதும், மாதிரி எடுப்பதும், விற்பனைக்குத் தடை விதிப்பதும், உரிமத்தை நிறுத்தி வைப்பதும் மாநில அலுவலர்கள். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று விலை இருக்க, தட்டுப்பாட்டுக் காலத்தில் வேறொரு சத்து டப்பாவையும் வாங்கினால்தான் மூட்டை தருவேன் என்று கடைக்காரர் சொன்னால், புகார் போக வேண்டிய இடம் வட்டாரத்தின் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். புகார் எழுதுபவர்கள் குறைவு. கடைக்காரரிடம்தான் கடனும் இருக்கும் என்பதால் அதன் காரணம் விளங்குகிறது.

பூச்சியைப் பொறுத்தவரை, தனி உழவரால் ஆகாத காரியங்கள் உண்டு. 2018இல் படைப்புழு நாட்டுக்குள் நுழைந்து, பெரம்பலூர், அரியலூர், சேலம் பக்கத்து மக்காச்சோளத்தைத் தின்றபோது, ஒருவர் மருந்தடிக்க அடுத்தவர் விட்டுவிட்டால் இருவருக்கும் பயனில்லாமல் போயிற்று. அந்துப்பூச்சி நெடுந்தொலைவு பறக்கக்கூடியது, வரப்புக்குக் கட்டுப்படாது. ஆழ உழுது கூட்டுப்புழுவை வெளியே கொண்டுவருவது, வேப்பம் புண்ணாக்கு இடுவது, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, ஒரே நேரத்தில் ஊர் முழுவதும் தெளிப்பது என்று பல்கலைக்கழகம் வகுத்த முறையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசேர்த்தது துறைதான். அடுத்த பருவத்தில் தெளிப்புப் பணியை அரசுச் செலவிலேயே நடத்த வேண்டியதாயிற்று.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது தனிக் கேள்வி. சம்பாவுக்கு உழவர் கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை, அறிவிக்கை செய்யப்பட்ட கிராமத்தின் சராசரி விளைச்சலைப் பார்த்து வருவது. ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து எடை போடும் அந்தச் சோதனை அறுவடையில் துறை அலுவலரும் நிற்கிறார் என்பதையும், அது நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் உடனிருப்பது நல்லது என்பதையும் மட்டும் குறிப்பிட்டு நகர்கிறேன்.

இவ்வளவையும் களத்தில் சுமப்பவர் உதவி வேளாண்மை அலுவலர். 1980களில் உலக வங்கி உதவியுடன் பயிற்சியும் பார்வையிடலும் என்ற முறை நடைமுறையில் இருந்தபோது, குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட ஊருக்கு அலுவலர் வந்தே ஆக வேண்டும் என்பது விதி. அவர் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாத வாரங்களும் இருந்தன என்று அக்காலத்து உழவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆயினும் இலை மஞ்சளித்தால் காட்டுவதற்கு ஓர் ஆள் வரப்பில் இருந்தார். இப்போது அதே பதவியில் இருப்பவர் பல ஊர்களுக்குப் பொறுப்பேற்று, மானியப் பயனாளிகளின் சிட்டா, ஆதார், வங்கிக் கணக்கு, புகைப்படம், கைப்பேசிச் செயலி, உழவர் அடையாள எண் பதிவு என்று நாள் முழுவதும் தரவேற்றிக்கொண்டிருக்கிறார். மானியத்தை நான் குறை கூறவில்லை. சிறு, குறு உழவருக்கு முழு மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனம் வறண்ட மாவட்டங்களில் பெரும் உதவி. ஆனால் பயனாளிப் பட்டியல் நிறைவேறினால்தான் அலுவலர் வேலை செய்ததாகக் கணக்கு என்று ஆகிவிட்டதால், கணக்கில் வராத ஆலோசனைப் பணி தேய்ந்து, அந்த இடத்தை மருந்துக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்பவராக இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வட்டாரத்தில் குறுவையில் எத்தனை முறை தெளிக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும்.

கேட்டவர் புதிதாகச் சாகுபடியில் இறங்குபவராகத் தெரிவதால் நடைமுறைக்காக ஒன்று. விரிவாக்க மையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ சான்று விதை வாங்கும்போது ரசீதையும் மூட்டையில் இருந்த நீல அட்டையையும் அறுவடை முடியும்வரை எறியாதீர்கள். அட்டையில் பரிசோதனை செய்த நாளும் காலாவதி நாளும் இருக்கும், வாங்கும்போதே பாருங்கள். முளைப்பு குறைந்தாலோ வயலில் கலவன் மிகுந்தாலோ, அந்த அட்டையில் உள்ள குவியல் எண்ணை (ஒரே தொகுதியாகச் சேர்த்த விதைக்குத் தரப்படும் எண்) கொண்டுதான் விதை ஆய்வாளரால் அது எந்த விதைப்பண்ணையிலிருந்து வந்த விதை என்று பின்தொடர்ந்து போக முடியும்.