சிரித்தாலே சந்தேகம் வருகிறது!

கேள்வி: என் கணவருக்கு வயது 34. பைபோலார் நோய்க்காக (அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) மூன்று வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது நன்றாக இருக்கிறார். "மாத்திரையை விட்டுவிட்டு கவுன்சலிங் மட்டும் போகிறேன்" என்கிறார். எனக்கோ, அவர் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே பயம். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். உடனே சண்டை. என்ன செய்வது?

பதில்: முதலில் மாத்திரை. அவராக நிறுத்தவே கூடாது. லித்தியத்தைத் திடீரென்று விட்டால், சில மாதங்களுக்குள்ளேயே மேனியா, அதாவது அந்த அளவுக்கு மீறிய உற்சாக நிலை, திரும்பும் ஆபத்து அதிகம். குறைப்பதா வேண்டாமா என்பதை அவருடைய மனநல மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் கவுன்சலிங் கேட்கிறாரே, அது நல்ல விஷயம். மாத்திரையை விடாமல் அதையும் சேர்த்துக்கொண்டால் நல்ல பலன் உண்டு. பார்சிலோனாவில் கொலோம், வியேட்டா குழுவினர் 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. எல்லோருமே மருந்து சாப்பிட்டு, நோய் அடங்கியிருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு 21 அமர்வுகளில் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் சும்மா கூடிப் பேசினார்கள். கற்றுக்கொண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

உங்கள் சண்டைக்கு நேரடியாக உதவக்கூடியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு. நோய் திரும்புவதற்கு முன் தனக்கு வரும் ஆரம்ப அறிகுறிகளைக் கண்டுபிடித்து, உடனே சிகிச்சைக்குப் போக நோயாளிகளுக்குப் பழக்கினார்கள். அவர்களுக்கு அடுத்த மேனியா வர வெகுகாலம் ஆயிற்று. மனச்சோர்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடுவார். இன்னொருவர் புதுத் தொழில் தொடங்கக் கடன் கேட்டு அலைவார். உங்கள் கணவருக்கு முன்பு எப்படி ஆரம்பித்தது? அவர் நன்றாக இருக்கும் இந்தச் சமயத்திலேயே இருவரும் உட்கார்ந்து, அவர் கையாலேயே நாலைந்து அறிகுறிகளை எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, அது வந்தால் என்ன செய்வது என்றும் எழுதட்டும். உதாரணமாக, "தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலு மணி நேரம்கூடத் தூங்காமல், காலையில் களைப்பும் இல்லையென்றால் டாக்டருக்கு போன்." அந்தத் தாளில் உள்ளதற்கு மட்டும் நீங்கள் வாய் திறந்தால் போதும். சிரிப்பு அதில் இல்லையென்றால், அவர் சிரிக்கட்டும், நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். நோய் வந்த மனிதருக்கும் சந்தோஷப்பட உரிமை உண்டு.

உங்கள்மேல் பழி போடுவதாக நினைக்க வேண்டாம். பட்ட அனுபவம் அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் ஓயாத குறையும் கண்காணிப்பும் உள்ள வீடுகளில் நோய் அதிகம் திரும்புவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் குடும்பத்தையே சேர்த்து உட்கார வைக்கும் சிகிச்சையை உருவாக்கினார். கவுன்சலிங்குக்கு நீங்களும் கூடவே போங்கள்.

அப்புறம், தூக்கம். தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பிவிடலாம். பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் உருவாக்கிய சிகிச்சை முறையில், எழுவது, முதல் ஆளோடு பேசுவது, வேலை தொடங்குவது, ராத்திரிச் சாப்பாடு, படுப்பது ஆகிய ஐந்தின் நேரத்தையும் தினமும் குறித்து, முடிந்தவரை மாறாமல் வைக்கப் பழக்குகிறார்கள். நைட் ஷிப்ட் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். கல்யாண வீடு, ராத்திரி பஸ் பயணம் என்றால் மறுநாள் தூக்கத்தைக் கட்டாயம் கவனியுங்கள்.

லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளை மருத்துவர் சொன்ன இடைவெளியில் செய்யுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போட வேண்டாம். ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, பேதி வந்தாலும், கை அதிகமாக நடுங்கினாலும், நடை தள்ளாடினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாவதைப் பற்றி அவர் பேசினால் தனியாக விடாமல் உடனே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.