உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியானால்: கேள்வி பதில்

இன்று நீதிபதி நியமனம் பற்றி மட்டும் கேளுங்கள். சொந்த வழக்குக்கு உங்கள் வக்கீலைப் பாருங்கள்.

சட்ட மாணவி: ஒரு நீதிபதி ஓய்வு பெற்றால் அடுத்தவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அரசியல் சாசனத்தின் 124ஆவது பிரிவைப் புரட்டினால், குடியரசுத் தலைவர் நீதிபதிகளைக் கலந்தாலோசித்து நியமிப்பார் என்றுதான் இருக்கும். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் என்ற சொல்லே அதில் கிடையாது. கலந்தாலோசனை என்றால் சம்மதம் ஆகாது என்று 1981இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1993இல் அதே நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நான்கு மூத்தவர்களும் சேர்ந்து முடிவெடுப்பது என்ற கணக்கு 1998இல் வந்தது. அவர்கள் பெயரை அனுப்புவார்கள். கோப்பு சட்ட அமைச்சகம், பிரதமர், குடியரசுத் தலைவர் என்று நடக்கும்.

பரிந்துரை வேறு, நியமனம் வேறு. இதை இன்று பலமுறை சொல்ல வேண்டிவரும் என்று தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கொலீஜியம் சொன்ன பெயர் அரசுக்குப் பிடிக்காவிட்டால்?

நல்ல கேள்வி. அரசு திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதே பெயரை மறுபடி அனுப்பினால் நியமித்தாக வேண்டும். எத்தனை நாளுக்குள்? அங்கேதான் ஓட்டை. அரசு யாரையும் "முடியாது" என்று சொல்லி நிராகரிக்கத் தேவையே இல்லை, கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும்.

கே.எம். ஜோசப் கதையைப் பாருங்கள். உத்தரகண்ட் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, அங்கே அமலான குடியரசுத் தலைவர் ஆட்சியை 2016 ஏப்ரலில் ரத்து செய்தவர் அவர். 2018 ஜனவரி 10 அன்று அவரையும் வழக்கறிஞர் இந்து மல்ஹோத்ராவையும் கொலீஜியம் பரிந்துரைத்தது. மல்ஹோத்ரா ஏப்ரல் 27 அன்று பதவியேற்றார். ஜோசப்பின் பெயர் முந்தைய நாளே திரும்பி வந்துவிட்டது. அகில இந்திய மூப்பில் பின்னால் இருக்கிறார், அவருடைய கேரளத்துக்கு ஏற்கெனவே பிரதிநிதித்துவம் உண்டு என்று அரசு காரணம் சொன்னது. கொலீஜியம் மறுபடி அனுப்பியது. ஆகஸ்ட் 7 அன்று மூன்று பேர் பதவியேற்றார்கள்: இந்திரா பானர்ஜி, வினீத் சரண், மூன்றாவதாக ஜோசப்.

ஒரே நாள்தானே, வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தில் மூப்பு என்பது பிறந்த தேதி இல்லை, உறுதிமொழி எடுக்கும் வரிசை. யார் தலைமை நீதிபதி ஆவார், யார் கொலீஜியத்துக்குள் வருவார் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அரை மணி நேரம் முன்னால் உறுதிமொழி எடுத்தவர் கடைசிவரை மூத்தவர். அதனால்தான் அந்த வரிசையை எதிர்த்துச் சில நீதிபதிகள் முந்தைய நாள் தலைமை நீதிபதியைப் பார்த்துப் பேசினார்கள்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர்: இதற்கு என்ன தேர்வு எழுத வேண்டும்?

தேர்வு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் 5 ஆண்டு நீதிபதி, அல்லது 10 ஆண்டு வழக்கறிஞர். "சிறந்த சட்ட அறிஞர்" என்று மூன்றாவது வாசலும் சாசனத்தில் உண்டு. அதன் வழியாக இதுவரை யாரும் உள்ளே போனதில்லை.

ஒரு கட்சித் தொண்டர்: மக்கள் தேர்ந்தெடுத்த அரசு நீதிபதியை நியமித்தால் என்ன தப்பு?

1973ஐ மறந்துவிட்டீர்களா? சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி தீர்ப்பு, 7க்கு 6. தலைமை நீதிபதி சிக்ரிக்கு மறுநாள் ஓய்வு. அடுத்த மூத்தவர்கள் ஷெலாட், ஹெக்டே, குரோவர். மூவரும் அரசுக்குப் பாதகமான பெரும்பான்மைப் பக்கம். மூவரையும் தாண்டி நான்காவதாக இருந்த ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆனார். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

அதே தொண்டர்: மூப்பு மட்டும் பார்க்கக் கூடாது என்று 1958இலேயே சட்ட ஆணையம் சொல்லியிருக்கிறதே? அன்றைய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அதைத்தானே நாடாளுமன்றத்தில் காட்டினார்?

காட்டினார், ஆணையம் சொன்னதும் உண்மை. ஆனால் ஆணையம் கேட்டது தகுதி. குமாரமங்கலம் பேசியது நீதிபதியின் சமூகப் பார்வை பற்றி. இரண்டும் ஒன்றா?

வேறொரு வாசகர்: அப்படியானால் ஐந்து நீதிபதிகள் கதவைச் சாத்திக்கொண்டு பெயர் எழுதுவது மட்டும் சரியா?

மாட்டிவிட்டீர்கள். சரி என்று நான் சொல்லவில்லை. கொலீஜியத்துக்குப் பதிலாக அரசு கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று ரத்து செய்தபோது, மாறுபட்ட அந்த ஒருவரான செலமேஸ்வர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். என் நிலை இது: கதவைத் திறப்போம், ஆனால் சாவியை அமைச்சர் கையில் கொடுக்க வேண்டாம்.

தொண்டர்: 1973 அரை நூற்றாண்டுப் பழசு.

1977ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு வழக்கில் அரசுக்குச் சாதகமான தீர்ப்பிலிருந்து தனி ஆளாக மாறுபட்ட எச்.ஆர். கன்னாவைத் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக வந்தார். கன்னாவும் ராஜினாமா. பழசுதான், ஆனால் கொலீஜியம் முளைத்ததே இந்தப் பயத்தில்தான். இத்தோடு இதை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இன்னொருவர்: தேர்வு எழுதி நீதிபதி ஆகலாமா?

மேலே பாருங்கள்.

ஒரு வங்கி ஊழியர்: தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம்?

ஒதுக்கீடு எதுவும் சட்டத்தில் இல்லை. எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் இடம் கிடைக்கப் பார்ப்பது வழக்கம், அவ்வளவே. தமிழ்நாட்டிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி 1951இலும் சதாசிவம் 2013இலும் தலைமை நீதிபதி ஆனார்கள்.

சட்ட மாணவி (மறுபடி): தாமதம் எப்போதும் அரசால்தானா?

இல்லை. 2019 செப்டம்பருக்குப் பிறகு 2021 ஆகஸ்ட் வரை ஒரு புது நீதிபதிகூட வரவில்லை. போப்டே தலைமை நீதிபதியாக இருந்த காலம் முழுவதும் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நியமனமும் இல்லை. கொலீஜியத்துக்குள்ளேயே பெயர்களில் ஒத்துப்போகவில்லை என்று அப்போது பரவலாக எழுதினார்கள். அப்புறம் ஆகஸ்ட் 31 அன்று ஒரே மூச்சில் 9 பேர் பதவியேற்றார்கள், அதில் 3 பெண்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன சுந்தரேஷும் அந்த ஒன்பதில் ஒருவர்.

வேறொருவர்: நீதிபதி ஆகத் தேர்வு...

இல்லை, இல்லை, இல்லை.

ஒரு இளம் வக்கீல்: எங்கள் சீனியரை நேற்று கொலீஜியம் உயர் நீதிமன்றத்துக்குத் தேர்வு செய்துவிட்டது. பேனர் வைக்கலாமா?

பரிந்துரையா, நியமனமா?