லினக்ஸுக்கு எந்த சாட்டா கார்டு வாங்கலாம்?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் போட்டு, வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வருகிறேன். மதர்போர்டில் ஹார்ட் டிஸ்க்கை இணைக்க உள்ள நான்கு சாட்டா போர்ட்டும் நிரம்பிவிட்டன. இன்னும் நான்கு ஹார்ட் டிஸ்க் சேர்க்க வேண்டும். ஆன்லைனில், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் மலிவான ரெய்டு கார்டுகள் நிறைய இருக்கின்றன. ‘லினக்ஸ் சப்போர்ட் உண்டு’ என்றும் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கார்டின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏஸ்மீடியா, ஜேமைக்ரான், மார்வெல் போன்ற நிறுவனங்களின் சிப்தான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிவதும் அந்தச் சிப்தான். அதனால் சிப்பின் எண்ணைக் கேளுங்கள். விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

உங்கள் தேவைக்கு ஆறு போர்ட் உள்ள ஏஎஸ்எம்1166, அல்லது ஐந்து போர்ட் உள்ள ஜேஎம்பி585 போதும். இரண்டும் ஏஎச்சிஐ என்ற பொது முறையில் இயங்குபவை. அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இவை மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட்டில் இரண்டு லேன் (தரவு செல்லும் பாதை) எடுத்துக்கொள்ளும், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிபி. பழைய மதர்போர்டில் 2.0 ஸ்லாட்தான் என்றால் அதில் பாதி கிடைக்கும். நான்கு ஹார்ட் டிஸ்க்குக்கு அதுவே தாராளம். ஆனால் ஒரே லேன் உள்ள குட்டி எக்ஸ்1 ஸ்லாட்டில் செருகினால் அதுவும் பாதியாகிவிடும், நான்கு டிஸ்க்கும் ஒன்றாக ஓடும்போது திணறும்.

மலிவு விலையில் 10 போர்ட், 16 போர்ட் என்று வருபவற்றில் பலவும் சிறிய சிப்புக்குப் பின்னால், ஒரு போர்ட்டைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் போர்ட் மல்டிபிளையரை ஒட்டியவை. அதில் ஒரு டிஸ்க் தகராறு செய்தால் கூட இருப்பவையும் சேர்ந்து நின்றுபோகலாம். குடும்பப் படங்களை அதில் வைக்கவே வேண்டாம்.

அப்புறம், ரெய்டு. மலிவு கார்டுகளில் ரெய்டு வேலையைப் பெரும்பாலும் விண்டோஸ் டிரைவர்தான் செய்கிறது. அதை விட்டுவிட்டு லினக்ஸின் சொந்த ரெய்டு மென்பொருளான எம்டிஏடிஎம் பயன்படுத்துங்கள். நாளைக்குக் கார்டு செத்தாலும் டிஸ்க்குகளை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி அப்படியே படிக்கலாம்.

எட்டு டிஸ்க் வரை போகும் எண்ணம் இருந்தால், சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் எல்எஸ்ஐ 9211-8ஐ நல்ல தேர்வு. ஐடி மோடு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) போட்டதாகக் கேளுங்கள். டிஸ்க்குகளை இடையில் எதுவும் செய்யாமல் கெர்னலிடம் ஒப்படைப்பது அதுதான். போலிகளும் உலவுகின்றன. சர்வரின் பலமான காற்றோட்டத்துக்காகச் செய்த கார்டு என்பதால், வீட்டு கேபினெட்டில் அதன் ஹீட்சிங்க்குக்கு ஒரு சிறு விசிறி அவசியம். டெபியனில் சிக்கல் இல்லை. ஆனால் ரெட் ஹேட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இந்தக் கார்டின் சிப்புக்கான ஆதரவை நீக்கிவிட்டது. லினக்ஸ் என்று பொதுவாகக் கேட்காமல், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

கார்டு வந்ததும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் தெரியும் சிப், விற்பவர் சொன்னதுதானா? எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் சில மணி நேரம் பெரிய கோப்புகளை நகலெடுத்து, கெர்னல் பதிவைப் பாருங்கள். இணைப்பு ரீசெட் ஆகும் செய்தி திரும்பத் திரும்ப வந்தால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகும் வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் உபுண்டு நிறுவப் போனால் எஸ்எஸ்டியே தெரியவில்லை. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க் கன்ட்ரோலர் ஆர்எஸ்டி (இன்டெலின் சொந்த டிஸ்க் முறை) அல்லது ரெய்டு மோடில் வருவதுண்டு. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். விண்டோஸும் வேண்டுமென்றால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்த பிறகே மாற்றுங்கள்; இல்லையென்றால் அது பூட் ஆகாது. சில மாடல்களில் மாற்றும் வசதியே இருக்காது. இனி வாங்குபவர்கள், நிறுவாமலே லினக்ஸை ஓட்ட உதவும் லைவ் யுஎஸ்பியைக் கையோடு எடுத்துப்போய், பணம் கட்டுவதற்கு முன்பே கடையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.